பனியனே, நீ எந்த ஊர்?

உங்கள் பனியனின் கழுத்துக்குப் பின்னால் ஒரு சின்ன லேபிள் இருக்கும். அளவு, '100% பருத்தி', எந்த நாட்டில் தைத்தது என்பதெல்லாம் அதில் இருக்கும். 'சரி, இந்தப் பருத்தி யார் காட்டில் விளைந்தது? எந்த மில்லில் நூலானது? எங்கே சாயம் ஏறியது?' என்று கேட்டுப் பாருங்கள். லேபிள் வாயே திறக்காது.

வாங்குகிறவர்களுக்கோ இது தெரிந்தாக வேண்டும். 'பூச்சிமருந்து தெளிக்காத பருத்தி' என்று கூடுதல் விலைக்கு விற்கிறார்கள். அது உண்மைதானா? தைத்தவர்கள் பாதுகாப்பான கட்டடத்தில் வேலை செய்தார்களா? 2013 ஏப்ரல் 24 அன்று வங்கதேசத்தில் ராணா பிளாசா என்ற கட்டடம் இடிந்து, 1,100க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். எந்தெந்தக் கம்பெனிக்காக அங்கே தைத்தார்கள் என்பதைக் கண்டுபிடிக்க, இடிபாடுகளுக்குள் லேபிள்களைத் தேட வேண்டியிருந்தது.

பருத்தியைப் பின்தொடர்வது ஏன் இவ்வளவு கஷ்டம்? மாம்பழம் மரத்திலும் மாம்பழம்தான், கடையிலும் மாம்பழம்தான். பருத்தி அப்படியில்லை, வழியெல்லாம் உருமாறும். குஜராத்திலோ மகாராஷ்டிரத்திலோ விளைந்தது, ஜின்னிங் ஆலையில் கொட்டை நீங்கி, பேலாகக் கட்டப்பட்டு, கோயம்புத்தூர்ப் பக்கத்து மில்லுக்கு வருகிறது. நூலாகிக் கோனில் ஏறித் திருப்பூர் போகிறது. அங்கே நிட்டிங் ஓரிடம், சாயப்பட்டறை ஓரிடம், கட்டிங்கும் தையலும் இன்னோரிடம். பிறகு தூத்துக்குடியில் கப்பலேறும்.

உருமாறுவது போதாதென்று கலக்கவும் செய்யும். மில்லில் நிறைய பேல்களை வரிசையாக அடுக்கி வைப்பார்கள். இயந்திரம் ஒவ்வொன்றிலிருந்தும் கொஞ்சம் கொஞ்சமாகப் பிய்த்தெடுத்துக் கலக்கும். நூல் ஒரே சீராக வருவதற்காகத்தான் இந்த ஏற்பாடு. ஆகவே ஒரு முழ நூலில் பல ஊர்ப் பருத்தி இருக்கலாம். இந்த நூல் இந்தச் செடியில் விளைந்தது என்று சொல்லவே முடியாது. ஆனால் 'இன்னின்ன பேல்கள் உள்ளே போயின, இந்த லாட் (ஒரே தடவையில் தயாரான தொகுதி) நூல் வெளியே வந்தது' என்று எழுதி வைக்கலாம். ஒவ்வொரு உருமாற்றத்திலும் இப்படி ஒரு வரி இருந்தால் போதும், பனியனில் தொடங்கிப் பின்னோக்கிப் போய்விடலாம்.

லாட் நம்பர் போடுவது பனியன் தொழிலுக்குப் புதிதில்லை. இரண்டு லாட் நூலைக் கலந்து பின்னினால், வெள்ளைத் துணியில் ஒன்றும் தெரியாது. சாயத் தொட்டியிலிருந்து வெளியே வந்ததும் பட்டை பட்டையாகக் கோடு காட்டிக்கொடுத்துவிடும். ஒவ்வொரு லாட்டும் சாயத்தை வேறு மாதிரி உறிஞ்சக்கூடும் என்பதே காரணம். அதனால் ஆலைக்குள் கணக்குக் கறாராக இருக்கும். வம்பு, சரக்கு கேட்டைத் தாண்டும்போதுதான்!

ஒருவர் 03/04/2025 என்று எழுதுகிறார். நமக்கு அது ஏப்ரல் 3. அமெரிக்கர்களுக்கு மார்ச் 4. '100 பேல்' என்கிறார். இந்திய பேல் 170 கிலோ. அமெரிக்க பேல் கிட்டத்தட்ட 218 கிலோ. 'நூல் 20' என்கிறார். மில் வழக்கில் நம்பர் என்பது, ஒரு பவுண்டு எடையில் 840 கெஜ நீளம் எத்தனை இருக்கிறது என்ற கணக்கு. நம்பர் கூடினால் நூல் மெலியும். டெக்ஸ் என்ற அளவோ 1,000 மீட்டர் நூலின் எடையைக் கிராமில் சொல்வது. அதில் எண் கூடினால் நூல் தடிக்கும். 30ஆம் நம்பர் நூலும் 20 டெக்ஸ் நூலும் ஏறக்குறைய ஒன்றுதான். வெறும் '20' என்று எழுதினால் ஆளுக்கொரு நூலை நினைத்துக்கொள்வார்கள்.

எல்லோரும் ஒரே மாதிரி எழுதுவோம் என்று செய்துகொள்ளும் ஒப்பந்தமே 'தரவுத் தரநிலை'. தேதிக்கு உலகத் தரநிலை ஒன்று உண்டு: ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் 2025-04-03. சரக்கின் பயணத்துக்கு, பார்கோடு எண்களை நிர்வகிக்கும் ஜிஎஸ்1 அமைப்பு 'ஈபிசிஐஎஸ்' என்ற தரநிலையை வைத்திருக்கிறது. அது கேட்கும் முக்கியமான கேள்விகள் நான்கு. நிட்டிங் ஆலையின் பதில் இப்படி இருக்கலாம்:

எது? நூல் லாட் 17 உள்ளே. துணி ரோல் 204 வெளியே.
எப்போது? 2025-04-03, காலை 10:15.
எங்கே? ஆலைக்கென்று கொடுக்கப்பட்ட எண்.
எதற்காக? பின்னுவதற்காக.

எண்ணையே தப்பாக அடித்துவிட்டால்? அதற்கும் காவல் இருக்கிறது. பார்கோடுக்குக் கீழே உள்ள 13 இலக்கங்களில் கடைசி, சோதனை இலக்கம். 8901234567890 என்ற எண்ணைப் பார்ப்போம். முதல் 12 இலக்கங்களில் 1, 3, 5, 7, 9, 11ஆம் இடங்களின் கூட்டல் 28. மற்ற ஆறின் கூட்டல் 34. அதை 3ஆல் பெருக்கினால் 102. இரண்டும் சேர்ந்து 130. இதை அடுத்த பத்தின் மடங்காக்க எவ்வளவு கூட்ட வேண்டும்? ஏற்கெனவே மடங்குதான், ஆகவே 0. கடைசி இலக்கமும் 0. சரி! நடுவில் உள்ள 3ஐ 8 என்று அடித்திருந்தால் கூட்டல் 145 ஆகும். கடைசி இலக்கம் 5 இருக்க வேண்டும். 0 இருப்பதால் கணினி உடனே கத்தும்.

(890 என்று தொடங்கினால் இந்தியாவில் செய்தது என்று நினைத்துவிடாதீர்கள். கம்பெனி அந்த எண்ணை ஜிஎஸ்1 இந்தியாவிடம் வாங்கியது என்றுதான் பொருள்.)

சோதனை இலக்கம் கைத்தவறைப் பிடிக்கும், பொய்யைப் பிடிக்காது. வேறு நாட்டுப் பருத்தியை 'குஜராத்' என்று எழுதினால் அதற்குத் தெரியாது. அங்கே வேதியியல் கைகொடுக்கிறது. நீரில் உள்ள ஆக்சிஜன் அணுக்கள் எல்லாம் ஒரே எடையில்லை. பெரும்பாலானவை 16, மிகச் சில 18. இந்த விகிதம் மழை, உயரம், கடலிலிருந்து உள்ள தூரம் ஆகியவற்றைப் பொறுத்து இடத்துக்கு இடம் மாறும். செடி குடித்த தண்ணீரின் தடயம் பஞ்சிழையில் தங்கிவிடுவதால், ஆய்வகத்தில் அளந்து, எழுதியிருப்பது நம்பத்தக்கதா என்று பார்க்கலாம்.

ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் கொண்டுவந்த சட்டத்தின்படி, துணிகளுக்கும் 'டிஜிட்டல் பாஸ்போர்ட்' வரப்போகிறது. க்யூஆர் போன்ற ஒரு குறியீட்டை ஸ்கேன் செய்தால் அந்தத் துணியைப் பற்றிய விவரங்கள் திரையில் வரும். ஏற்றுமதி செய்கிற திருப்பூர்க்காரர்களுக்கு இனி ஊசி நூலோடு தரவும் தொழில் கருவிதான்.

உங்களுக்கு ஒரு வேலை: வீட்டில் உள்ள சோப்பு, பிஸ்கட் பாக்கெட்டுகளின் எண்களைச் சோதித்துப் பாருங்கள். அடுத்தடுத்த இரண்டு இலக்கங்கள் இடம் மாறினாலும் சோதனை இலக்கம் பெரும்பாலும் பிடித்துவிடும். ஆனால் 1ம் 6ம் இடம் மாறினால் கோட்டைவிட்டுவிடும்! ஏன்? இப்படித் தப்பிக்கும் ஜோடிகள் இன்னும் நான்கு இருக்கின்றன. கண்டுபிடியுங்கள்.