அரை மணி நேர ரிசர்வ் யாரைக் காப்பாற்றும்?

நான்கு பேர் அமரும் சிறிய விமானம் வயலிலோ நெடுஞ்சாலையிலோ திடீரென இறங்கினால், மறுநாள் செய்தியில் ‘இன்ஜின் கோளாறு’ என்று வந்துவிடும். பல நேரங்களில் இன்ஜினில் ஒரு கோளாறும் இருக்காது, எரிபொருள்தான் இருக்காது. தனியார் சிறு விமானங்கள் மிக அதிகமாகப் பறக்கும் அமெரிக்காவில், விபத்துகளை விசாரிக்கும் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2017இல் இதுபற்றி ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. 2011 முதல் 2015 வரை ஆண்டுக்குச் சராசரியாக 50க்கும் மேற்பட்ட விபத்துகள் எரிபொருளைச் சரிவரக் கையாளாததால் நேர்ந்தவை. அவற்றில் 56 சதவீதத்தில் எரிபொருள் அடியோடு தீர்ந்துபோயிருந்தது. 35 சதவீதத்தில் எரிபொருள் விமானத்திலேயே இருந்தும் இன்ஜினுக்குப் போய்ச் சேரவில்லை. கருவிப் பழுதின் பங்கு 5 சதவீதம்தான். இதைவிட உறுத்தும் தகவல் ஒன்று உண்டு: அந்த விமானிகளில் ஏறத்தாழப் பாதிப் பேர் வணிக உரிமமோ அதற்கும் மேலான உரிமமோ பெற்றவர்கள். எனவே ‘புதியவர்கள் கவனமாக இருக்க வேண்டும்’ என்று அறிவுரை சொல்லி இதைத் தீர்க்க முடியாது. பறக்கும்போது எடுக்க வேண்டிய முடிவைத் தரையிலேயே எடுத்து வைத்துக்கொள்வதுதான் வழி என்பது என் வாதம்.

சட்டம் இருக்கிறதே என்று கேட்கலாம். இருக்கிறது. அமெரிக்காவில், கண்ணால் பார்த்துப் பறக்கும் விதிப்படி, காற்றையும் வானிலை முன்னறிவிப்பையும் கணக்கில் எடுத்து, போய்ச் சேரும் இடம்வரை பறந்த பிறகும் பகலில் 30 நிமிடம், இரவில் 45 நிமிடம் பறக்க எரிபொருள் மிஞ்சினால்தான் கிளம்பலாம். ஆனால் அந்த விதி கிளம்பும் நேரத்தைத்தான் பார்க்கிறது; விபத்தோ பாதி வழியில் உருவாகிறது. 100 நாட் (மணிக்கு 100 கடல் மைல்) வேகத்தில் 300 கடல் மைல் போக வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். காற்று இல்லை என்றது முன்னறிவிப்பு. மூன்று மணி நேரப் பயணம், அரை மணி நேர ரிசர்வ், ஆக மூன்றரை மணி நேர எரிபொருள். சட்டப்படி எல்லாம் சரி. மேலே போனபின் 20 நாட் எதிர்காற்று அடிக்கிறது. தரையைப் பொறுத்த வேகம் 80 நாட்டாகக் குறைய, பயண நேரம் மூன்றே முக்கால் மணி ஆகிவிடுகிறது. விமானதளத்துக்கு 20 கடல் மைல், அதாவது 37 கிலோமீட்டர் இருக்கும்போதே இன்ஜின் நின்றுவிடும். இதில் யாரும் விதியை மீறிக் கிளம்பவில்லை. நடுவழியில் கணக்கைத் திரும்பப் போடவில்லை, அவ்வளவுதான். பைக்கில் ரிசர்வுக்கு மாற்றினால் பெட்ரோல் பங்க் வரை ஓட்டிவிடலாம் என்ற நினைப்பில் நாம் வளர்ந்திருக்கிறோம். சிறு விமானத்தில் ரிசர்வ் என்பது தனி டேங்க் அல்ல, காகிதத்தில் போட்ட கழித்தல் கணக்கு. அதனால்தான் அமெரிக்க விமான உரிமையாளர்கள், விமானிகள் சங்கத்தின் பாதுகாப்புப் பிரிவு, சட்டம் கேட்கும் அரை மணியை விட்டுவிட்டு, தரையிறங்கும்போது ஒரு மணி நேர எரிபொருளாவது மிஞ்ச வேண்டும் என்று வற்புறுத்துகிறது.

கணக்கு சரியாக வர, முதலில் டேங்கில் இருப்பது எவ்வளவு என்று தெரிய வேண்டும். இறக்கைக்குள் இருக்கும் ஆழமில்லாத, அகலமான டேங்கில் மிதவை ஆடினால் அளவுகாட்டியின் முள்ளும் ஆடும். ஆகவே முள்ளை நம்பிக் கிளம்பக் கூடாது. இறக்கையருகே ஏறி, மூடியைத் திறந்து, அந்த விமானத்துக்கென்றே அளவு குறித்த கோலை விட்டுப் பார்க்க வேண்டும். வேறு மாடலின் கோல் பொய் சொல்லும். பிறகு டேங்கின் அடியிலிருந்து கொஞ்சம் கண்ணாடிக் குப்பியில் பிடித்து வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். பிஸ்டன் இன்ஜினுக்கான ஏவ்கேஸ் 100எல்எல் நீல நிறம். தண்ணீர் கலந்திருந்தால் நிறமில்லாமல் அடியில் தங்கி நிற்கும். நிறம் வெளுத்து, விரலில் பிசுபிசுத்தால் ஜெட் எரிபொருள் கலந்திருக்கிறதோ என்று சந்தேகிக்க வேண்டும். சாகச விமானி பாப் ஹூவரின் பிஸ்டன் விமானத்தில் தவறுதலாக ஜெட் எரிபொருளை நிரப்பிவிட, கிளம்பிய சற்று நேரத்தில் இன்ஜின்கள் நின்றன. அவர் உயிர் பிழைத்தார். அதன் பிறகுதான் ஏவ்கேஸ் டேங்கின் சிறிய வாயில் நுழையாத அகலமான குழாய்முனை அவர் பெயரால் வழக்கத்துக்கு வந்தது. இன்னொன்றும் உண்டு. கையேட்டில் போட்டிருக்கும் மணிக்கு இத்தனை கேலன் என்ற கணக்கு, உயரத்துக்குத் தக்கபடி விமானி காற்றோடு கலக்கும் எரிபொருளைக் குறைத்துக்கொள்வார் என்ற அனுமானத்தில் போட்டது. குறைக்காமல் பறப்பவருக்கு அந்தக் கணக்கு பொருந்தாது.

எரிபொருள் இருந்தும் இன்ஜினுக்குப் போகாத அந்த 35 சதவீதத்துக்கு வருவோம். செஸ்னா 172இல் இரு டேங்குகளிலிருந்தும் ஒரே நேரத்தில் எடுக்கலாம். பைப்பர் செரோக்கீ வகையில் இடது, வலது என்று விமானியே மாற்றி வைக்க வேண்டும். மறந்தால் ஒரு டேங்க் நிறைய இருக்கும்போதே இன்ஜின் நிற்கும். பாடகர் ஜான் டென்வர் 1997 அக்டோபர் 12 அன்று கலிஃபோர்னியாவின் மான்டெரே விரிகுடாவில் விழுந்து இறந்தது இந்த வகைச் சிக்கலில்தான். அவருடைய லாங்-ஈஇசட் விமானத்தின் வரைபடப்படி டேங்க் மாற்றும் பிடி விமானியின் கால்களுக்கு நடுவே இருக்க வேண்டும். கட்டியவர் அதை இடது தோளுக்குப் பின்னால் வைத்துவிட்டார். அதன் மீது குறியீடும் இல்லை. திரும்பினால்தான் எட்டும், திரும்பும்போது கால் ரட்டர் (திசைதிருப்பி) மிதியை அழுத்தும். எரிபொருள் நிரப்பவா என்று கேட்டபோது, சிறிது நேரம்தான் பறக்கப் போகிறேன் என்று அவர் மறுத்துவிட்டார். 2,700 மணி நேரத்துக்கும் மேல் பறந்தவர். இந்த விமானம் மட்டும் புதிது. பிடியின் இடம், குறியில்லாத அளவுக் கண்ணாடி, போதாத பயிற்சி, நிரப்பாமல் கிளம்பியது என எல்லாவற்றையும் வாரியம் தன் முடிவில் அடுக்கியது. பிடியை வைத்தவர் மீது குறை இருப்பது உண்மைதான். ஆனால் டேங்க் நிறைய இருந்திருந்தால் நடுவானில் அந்தப் பிடியைத் தேட வேண்டிய தேவையே எழுந்திருக்காது.

அப்படியானால் எப்போதும் டேங்கை நிரப்பிக்கொண்டு கிளம்பினால் என்ன? விமானிகள் இதை மறுப்பதற்கு நியாயமான காரணம் உண்டு: எடை. செஸ்னா 172எஸ் ஆட்களையும் எரிபொருளையும் சேர்த்து ஏறத்தாழ 400 கிலோ சுமக்கும். பயன்படும் எரிபொருள் 53 கேலன், அதுவே 144 கிலோ. 75 கிலோ எடையுள்ள நால்வர் ஏறினால் அளவு தாண்டிவிடும். எனவே குறைத்து நிரப்புவது தவறல்ல. குறைத்து நிரப்பிவிட்டு, வழியில் ஒரு விமானதளத்தில் இறங்கி நிரப்பும் ஏற்பாட்டைச் செய்யாமல் விடுவதே தவறு. பறக்கப் பறக்கச் செலவைக் காட்டும் டிஜிட்டல் கருவி வந்துவிட்டதே என்பார்கள். நல்ல கருவிதான், ஆனால் கிளம்பும்போது விமானி எந்த எண்ணைப் போட்டாரோ அதிலிருந்துதான் அது கழிக்கும்.

இந்த விமானிகளோடு ஏறுபவருக்கு என்ன உரிமை? அமெரிக்காவில் தனியார் உரிமம் வைத்திருப்பவர் கட்டணம் வாங்கிப் பயணிகளை ஏற்ற முடியாது. எரிபொருள், எண்ணெய், விமானதளச் செலவு, வாடகை ஆகியவற்றில் தன் பங்கைத் தானும் போட்டுப் பிரித்துக்கொள்ளலாம். அதற்கு மேல் கேட்டால் சட்டமீறல், காப்பீடும் சிக்கலாகலாம். விபத்துக்குப் பின் வழக்கு போடுவோருக்கும் பாதை குறுகல். வாரியம் கூறும் ‘சாத்தியமான காரணம்’ நஷ்டஈட்டு வழக்கில் சாட்சியமாக ஏற்கப்படாது. 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி, 18 ஆண்டுகளைத் தாண்டிய சிறு விமானத்தைத் தயாரித்தவர் மீது பொதுவாக வழக்குத் தொடர முடியாது. பறந்துகொண்டிருப்பவற்றில் பல அதைவிடப் பழையவை. எனவே பயணியின் வலுவான உரிமை, ஏறுவதற்கு முன் கேள்வி கேட்பதுதான்: எத்தனை மணி நேர எரிபொருள் இருக்கிறது, எந்த இடத்தில் எத்தனை மணிக்கு இருப்பு எவ்வளவுக்குக் குறைந்தால் வழியில் இறங்குவீர்கள்? கேலனில் வரும் பதிலை ஏற்க வேண்டாம், மணிக்கணக்கில் கேளுங்கள்.

விமானிக்கும் வழி அடைபடவில்லை. இனித் தாமதமானால் சிக்கல் என்ற நிலையில் கட்டுப்பாட்டு அறைக்கு ‘மினிமம் ஃப்யூயல்’ என்று அறிவிக்கலாம். அது முன்னுரிமை தராது, எச்சரிக்கை மட்டுமே. நிலைமை கைமீறினால் ‘மேடே’ என்று அவசரநிலையை அறிவிக்கலாம். அவசரநிலையைச் சமாளிக்கத் தேவையான அளவுக்கு விதியை மீறவும் அப்போது அனுமதி உண்டு. அறிவித்தால் உரிமம் போய்விடும் என்ற பயத்தில் பலர் வாய் திறப்பதில்லை. பெரும்பாலும், கேட்டால் எழுத்தில் விளக்கம் தர வேண்டியிருக்கும். தெரியாமல் நேர்ந்த மீறலாக இருந்து, விபத்தும் ஏற்படாவிட்டால், 10 நாளுக்குள் நாசா நடத்தும் பாதுகாப்பு அறிக்கைத் திட்டத்துக்கு எழுதிப் போட்டவர் மீது, மீறல் உறுதியானாலும், பொதுவாக அபராதமோ உரிமத் தடையோ விதிப்பதில்லை.