ரத்தம் சொன்ன சாட்சி

வீட்டு வேலைக்காரி தினம் ஒரு தட்டை உடைத்தால் என்ன செய்வோம்? முதல் நாள் கடிந்து கொள்வோம். மறுவாரம் கணக்குத் தீர்த்து அனுப்பிவிடுவோம், அல்லவா? பாரிஸ் நகரத்து டாக்டர் ஷார்க்கோ அப்படிச் செய்யவில்லை. கை நடுக்கத்தால் எங்குமே வேலை கிடைக்காத ஒரு பெண்ணைத் தம் வீட்டில் வைத்துக்கொண்டார். அவள் உடைத்த தட்டுகளுக்கே ஏராளமாகச் செலவாயிற்றாம்! அவள் இறந்த பிறகுதான், மூளையிலும் தண்டுவடத்திலும் விழுந்த தழும்புகளே நடுக்கத்துக்குக் காரணம் என்று அவரால் நிரூபிக்க முடிந்தது. அவரிடம் பயின்ற ஃப்ராய்டு, 1893-ல் குரு மறைந்தபோது இதை எழுதியிருக்கிறார்.

1868-ல் ஷார்க்கோ விளக்கிச் சொன்ன அந்த வியாதிதான் ‘மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ்.’

வீட்டு மின்சாரக் கம்பியைக் கவனித்திருப்பீர்கள். மேலே ஓர் உறை இருக்கும். நரம்புகளுக்கும் அப்படி ஓர் உறை உண்டு. நோயிலிருந்து நம்மைக் காக்க வேண்டிய உடலின் காவற்படையே, எதிரி என்று எண்ணி அந்த உறையை அரித்துவிடுகிறது. பார்வை மங்கும், கால் மரத்துப் போகும், நடை தள்ளாடும், களைப்பு ஆளை அழுத்தும். பெரும்பாலும் 20 வயதுக்கும் 40 வயதுக்கும் இடையில் தலைகாட்டும் இந்த வியாதி, ஆண்களைவிடப் பெண்களையே அதிகம் பிடிக்கிறது. கைக்குழந்தையும் குடித்தனமுமாக இருக்கும் வயது அது!

காவற்படை ஏன் இப்படி மயங்குகிறது? ஏதோ தொற்றுநோய்தான் காரணம் என்று ஷார்க்கோவின் மாணவர் பியேர் மரி 1884-லேயே சொன்னார். எந்தக் கிருமி என்பதுதான் புதிர்.

1964-ல் எப்ஸ்டீன், அச்சோங் என்ற இருவரும், பார் என்ற பெண்மணியும் லண்டனில் ஒரு புதிய வைரஸைக் கண்டுபிடித்தார்கள். ‘எப்ஸ்டீன்-பார்’ வைரஸ் என்று அதற்குப் பெயர். எச்சில் மூலம் பரவும் இது, பெரியவர்களில் 100-க்கு 90 பேருக்கு மேல் உடலில் குடியிருக்கிறது. குழந்தையில் வந்தால் தெரியாமலே போய்விடும். வாலிபத்தில் வந்தால் காய்ச்சலும் தொண்டை வலியும் படுத்தும்.

ஊரில் எல்லார் வீட்டிலும் இருப்பவனைத் திருடன் என்று எப்படிச் சொல்வது?

அதற்குச் சாட்சி ராணுவத்தில் கிடைத்தது! அமெரிக்கப் படையினரின் ரத்தத்தை அவ்வப்போது எடுத்துச் சேமித்து வைப்பது வழக்கம். ஹார்வர்டு ஆராய்ச்சியாளர்கள் 20 வருஷங்களில் பணியாற்றிய 1 கோடிப் பேருக்கு மேல் எடுத்துக்கொண்டு ஆராய்ந்து, 2022-ல் முடிவை வெளியிட்டார்கள். வியாதி கண்டவர்களில் 801 பேருடைய ரத்தம் சோதிக்கப்பட்டது. வியாதி தொடங்குமுன்பே 800 பேருக்கு இந்த வைரஸ் தொற்றியிருந்தது! தொற்றிய பின் வியாதி வரும் அபாயம் 32 மடங்கு உயர்ந்தது. மற்ற வைரஸ்கள் இப்படிச் செய்யவில்லை.

அதே மாதம் ஸ்டான்போர்டு ஆராய்ச்சியாளர்கள் இன்னொரு துப்பைத் தந்தார்கள். வைரஸின் புரதம் ஒன்றில் ஒரு பகுதி, மூளையிலுள்ள ஒரு புரதத்தைப் போலவே இருக்கிறது. வேஷதாரியைத் தேடிப் போகும் காவலன் வீட்டுக்காரனையே அடித்துவிடுகிறான்!

வைரஸ் தொற்றிய எல்லாருக்கும் இந்த வியாதி வருவதில்லை. மிகச் சிலருக்கே வருகிறது. பரம்பரை, புகைபிடித்தல், வைட்டமின் ‘டி’ குறைவு ஆகியவையும் துணை போகின்றன. வியாதி ஒருவரிடமிருந்து மற்றவருக்கு ஒட்டாது. தட்டு, டம்ளரை ஒதுக்கி வைக்க வேண்டாம். வைரஸுக்கான தடுப்பூசிகளை மனிதர்களிடம் சோதிக்கும் பணியும் நடந்திருக்கிறது.

ஒரு தட்டு உடைந்ததற்காக யாரும் பயப்பட வேண்டியதில்லை. ஆனால் வீட்டு மருமகளோ மகளோ, “கண் மங்குகிறது, கால் மரக்கிறது” என்று நாள்கணக்கில் சொன்னால், ‘சோம்பல்’ என்று தள்ளிவிடாதீர்கள். உடனே டாக்டரிடம் அழைத்துப் போங்கள். ஷார்க்கோ வீட்டுப் பெண்ணுக்குக் கிடைக்காத மருந்துகள் இன்று இருக்கின்றன. முற்றிலும் குணப்படுத்தாவிட்டாலும் வியாதியின் வேகத்தைக் கட்டுப்படுத்துபவை அவை. சீக்கிரம் தொடங்கினால் பலன் அதிகம்.