கேஸ் அடுப்பும் இல்லத்தரசியும்

விறகும் பொச்சுமட்டையும் எரிந்த நமது குசினிகள் பலவற்றில் இன்று கேஸ் அடுப்பு இடம்பிடித்துவிட்டது. புகையில்லை, கண்ணெரிச்சல் இல்லை, ஸஹர் நேரத்தில் ஊதுகுழலோடு மல்லுக்கட்ட வேண்டியதுமில்லை, அல்ஹம்துலில்லாஹ். ஆனால் அதன் குழாயைப் பார்ப்பதும் ரெகுலேட்டரைப் பூட்டுவதும் ஆண்களின் வேலை என்று நாம் ஒதுங்கிவிடுகிறோம். வீட்டுக்காரர் கடையிலோ கட்டாரிலோ இருப்பார். அடுப்பின் முன்னால் நிற்பவர் நீங்கள்தான், சகோதரியே.

சிலிண்டரில் இருப்பது புரொப்பேன், பியூட்டேன் எனும் இரு வாயுக்களின் கலவை. அழுத்தத்தினால் திரவமாக அடைபட்டிருக்கும் இதில் ஒரு லீற்றர் வெளியேறினால் சுமார் 250 லீற்றர் வாயுவாக விரியும். இயற்கையில் இதற்கு மணமில்லை. கசிவை அறிவதற்காகவே நாற்றமுள்ள பொருளொன்றைச் சேர்க்கிறார்கள். இது காற்றைவிடப் பாரமானது. ஆகவே கசிந்த வாயு முகட்டுக்கு ஏறாமல், தண்ணீரைப் போலத் தரையில் படிந்து மேசைக்கடியிலும் வடிகானிலும் தேங்கி நிற்கும். மேல்நாடுகளில் உல்லாசப் பயணத்துக்கென அடுப்பும் குளிர்சாதனப் பெட்டியும் பொருத்திய வண்டி வீடுகள் இருக்கின்றனவே, அவற்றிலும் இதே வகை வாயுதான். அங்கே கசிவை உணர்த்தும் கருவியைத் தரைக்கு அருகில்தான் பொருத்துகிறார்கள்.

2021ஆம் ஆண்டு நவம்பர், டிசம்பர் மாதங்களில் நமது நாட்டின் பல பாகங்களிலும் கேஸ் வெடிப்புகள் நிகழ்ந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். அதனை ஆராய்ந்த நிபுணர் குழு, வாயுக் கலவையில் ஏற்பட்ட மாற்றத்தையே பிரதான காரணமாகக் கண்டது. புரொப்பேன் கூடினால் அழுத்தமும் கூடும். அப்போது தளர்ந்த கிளிப், வெடிப்பு விழுந்த இறப்பர் குழாய், தேய்ந்த ரெகுலேட்டர் ஆகியவற்றின் வழியாகவே வாயு முதலில் கசியப் பார்க்கும். கலவையைத் தீர்மானிப்பது நாமல்ல. இந்த மூன்றையும் பார்த்துக்கொள்வது நம்மால் முடியும்.

அதற்குச் செலவில்லாத ஒரு சோதனை இருக்கிறது. சவர்க்காரத்தைத் தண்ணீரில் நன்றாக நுரைக்கக் கரையுங்கள். அடுப்பின் குமிழ்களை மூடிவிட்டு, ரெகுலேட்டரை மட்டும் திறந்து, அது சிலிண்டரோடு சேருமிடத்திலும் குழாயின் இரு முனைகளிலும் பழைய பல்துலக்கும் பிரஷினால் நுரையைப் பூசுங்கள். குமிழி ஊதி வளர்ந்தால் அங்கே கசிவு உண்டு. புதுச் சிலிண்டர் பூட்டும் ஒவ்வொரு முறையும் இதைச் செய்யலாம். தீக்குச்சி கொளுத்திப் பார்க்கும் சில வீரர்கள் நம் குடும்பங்களிலும் இருக்கிறார்கள். அவர்களைக் குசினிப் பக்கமே விடாதீர்கள்.

குழாயை வளைத்துப் பாருங்கள். மேலே மெல்லிய வெடிப்புகள் தெரிந்தாலோ, மரத்துப்போய் வளைய மறுத்தாலோ, எலி கடித்த தடம் இருந்தாலோ மாற்றத்தான் வேண்டும். ஒட்டுநாடா சுற்றுவது வைத்தியமல்ல. வெளியே பழுதில்லாவிட்டாலும் இரண்டு வருடங்களுக்கு மேல் ஒரே குழாயை வைத்திருப்பது எனக்கு உடன்பாடில்லை. சட்டி சட்டியாக வாங்கிக் குவிக்கும் நாம் இதில் சிக்கனம் பார்ப்பானேன்?

சுவாலை நீலமாக எரிய வேண்டும். மஞ்சளாகி, பாத்திரத்தின் அடியில் கரி பிடித்தால் போதிய காற்றுச் சேரவில்லை என்று பொருள். அந்த நிலையில் காபன் மொனொக்சைட் என்ற நச்சுவாயுவும் உண்டாகும். பொங்கி வழிந்த பாலும் கறியும் பர்னரின் துளைகளை அடைத்திருக்கலாம். பர்னர் மூடியைச் சுடுதண்ணீரும் சவர்க்காரமும் விட்டு ஊறவைத்து, துளைகளை ஊசியால் சுத்தப்படுத்தி, ஈரமில்லாமல் காயவைத்துச் சரியாகப் பொருத்துங்கள். ஆனால் உள்ளே வாயு வரும் பித்தளை முனையின் நுண்துளையில் மட்டும் ஊசியைக் குத்தாதீர்கள். அது பெருத்தால் வாயு அளவுக்கு மீறி வரும்.

நோன்பு காலத்தில் கஞ்சிப் பானை பெரிய அடுப்பில் நெடுநேரம் எரியும்போது சிலிண்டரின் அடிப்பாகம் வேர்த்துக் குளிர்ந்துவிடுவதைக் கண்டிருப்பீர்கள். திரவம் வாயுவாக மாறுவதற்கான சூட்டை அந்த இரும்பிலிருந்தே எடுப்பதால் வரும் குளிர் அது. சுவாலையும் தாழ்ந்துபோகும். கேஸ் முடிந்துவிட்டதென்று பதறத் தேவையில்லை. சற்று ஆறவிட்டால் மீண்டும் எரியும். வேர்வை எந்த மட்டம்வரை தெரிகிறதோ அதுவரை திரவம் இருக்கிறது என்று கணக்குப் பார்த்துக்கொள்ளலாம். கடைசிச் சொட்டையும் எடுக்கச் சிலிண்டரைச் சரித்துப் படுக்கவைப்பது பெரும் ஆபத்து. திரவமே குழாய்க்குள் இறங்கிச் சுவாலை சீறும். அடியில் சுடுதண்ணீர் வைப்பதும் அப்படித்தான்.

உறங்கப் போகுமுன் வீட்டிலுள்ள நெருப்பை அணைத்துவிடுமாறு நபி (ஸல்) அவர்கள் ஏவியதாக புஹாரி, முஸ்லிம் ஆகிய கிரந்தங்களில் ஹதீஸ் உண்டு. நமது காலத்தில் இரவுச் சமையல் முடிந்ததும் ரெகுலேட்டரை மூடுவதும் அதில் அடங்கும் என்றே எனக்குத் தோன்றுகிறது. இஷாவுக்குப் பின் யன்னல்களை அடைத்துவிட்டுப் படுக்கிறோம். ஸஹருக்கு அரைத்தூக்கத்தில் எழும்பி, கை தானாகவே சுவிச்சைத் தேடும். குசினி வாசலில் ஒரு கணம் நின்று மூக்கால் பாருங்கள். நாற்றம் வந்தால் விளக்கைப் போடவும் வேண்டாம், எரியும் விளக்கை அணைக்கவும் வேண்டாம். இரண்டிலும் தீப்பொறி வரும். குளிர்சாதனப் பெட்டியின் பிளக்கையும் கழற்றப் போகாதீர்கள். பிள்ளைகளை வெளியே அனுப்பி, ரெகுலேட்டரை எட்ட முடிந்தால் மூடி, கதவை அகலத் திறந்துவிடுங்கள். தரையில் கிடப்பதை வெளியேற்றக் கதவுதான் உதவும், உயரத்து யன்னல் போதாது. தொலைபேசியை முற்றத்துக்குப் போன பிறகு எடுங்கள். நாற்றம் முற்றாக நீங்கும்வரை ஸஹருக்குப் பாணும் வாழைப்பழமும் போதும்.