தண்ணீர் கழுவாத புகை

சிகரெட் அளவுக்கு ஹூக்கா கெடுதல் இல்லை என்று வாதிடுபவர்கள் அடியில் இருக்கும் தண்ணீர்க் குடுவையைத்தான் சாட்சிக்கு அழைப்பார்கள். புகையைத் தண்ணீரில் விட்டுச் சுத்தப்படுத்தலாம் என்று அக்பர் அரசவை மருத்துவர் ஒருவர் யோசனை சொன்னதாக வழங்கும் கதையே இந்த நம்பிக்கையின் வயதைக் காட்டும். தண்ணீர் முக்கியமாகச் செய்வது புகையின் சூட்டைத் தணிப்பதுதான். தொண்டை கமறாததால் இழுப்பு நீள்கிறது. நிகோடினும் நச்சுப்பொருள்களும் குமிழிகளோடு நுரையீரலுக்குப் போகின்றன. பழவாசனைப் புகையிலையின் மேல், துளையிட்ட அலுமினியத் தாளில் கனலும் கரித்துண்டு தன் பங்குக்குக் கார்பன் மோனாக்சைடைத் தருகிறது. புகையிலையே இல்லாத மூலிகைக் கலவை என்றாலும் கரி கரிதான்.

‘என்றைக்கோ ஒருநாள்தானே’ என்பது அடுத்த வாதம். தினமும் ஒரு பாக்கெட் ஊதுபவரோடு ஒப்பிட்டால் அதில் கொஞ்சம் நியாயம் உண்டு. ஆனால் ஒரு சிகரெட்டுக்குச் சுமார் 20 இழுப்பு என்றால், ஒரு மணி நேர ஹூக்காவுக்குச் சுமார் 200. இந்த எச்சரிக்கையை எங்கே எழுதிவைப்பது என்பதுதான் சிக்கல். சிகரெட் பிடிப்பவர் கையில் எச்சரிக்கைப் படம் போட்ட பெட்டி இருக்கிறது. ஹூக்கா பிடிப்பவரோ புகையிலைப் பொட்டலத்தைப் பார்ப்பதே இல்லை, கடைக்காரர் நிரப்பித் தந்துவிடுகிறார். அதனால்தான் துருக்கி, 2013 சட்டத்தில், குடுவையின் மீதே எச்சரிக்கை இருக்க வேண்டும் என்றது. தமிழ்நாடு 2022இல் ஹூக்கா பார்களைத் தடைசெய்யும் சட்டத்திருத்தம் கொண்டுவந்தது. தடை கடையை மூடும். தண்ணீர் மீதான நம்பிக்கையைக் கலைக்க, குடுவையைக் காட்டித்தான் பேசவேண்டும்.