அதிரடிப்படையில் சேர நினைப்பவர்களுக்கு

சாதாரண தரப் பரீட்சை முடிந்து அடுத்து என்ன என்று யோசிக்கும் பொடியன்களில் சிலருக்கு அதிரடிப்படை ஆசை வருகிறது. திருகோணமலை மாவட்டத்தில் உள்ள எங்கள் திரியாயிலும் வருகிறது. ஆனால் அந்த வேலைக்குள் போய்ப் பார்த்து வந்து, இப்படித்தான் தம்பி அங்கே நடக்கும் என்று சொல்ல எங்கள் கிராமங்களில் ஆள் குறைவு. கைத்தொலைபேசியில் ஓடும் காணொளிகள்தான் வழிகாட்டி. அவற்றில் கயிற்றில் இறங்குவார்கள், கதவை உடைப்பார்கள். சம்பளம், லீவு, மொழி, ஒப்பந்தம் எதுவும் அவற்றில் இராது. இந்தக் கட்டுரை அவற்றைப் பற்றியது. சேரச் சொல்லியும் எழுதவில்லை, வேண்டாம் என்றும் எழுதவில்லை.

இலங்கையில் இப்படிப்பட்ட பிரிவுகள் எவை?

பொலிஸில் இருப்பது விசேட அதிரடிப்படை. 1980களின் தொடக்கத்தில் உருவானது. பயிற்சிப் பாடசாலை களுத்துறைப் பக்கம் கட்டுக்குருந்தவில் இருக்கிறது. இராணுவத்தில் இரண்டு உண்டு: 1980இல் தொடங்கிய கொமாண்டோ படையணி, 1985இல் தொடங்கிய விசேட படையணி. கடற்படையில் 1993இல் உருவான விசேட படகுப் பிரிவு (சிறு படகிலும் நீருக்கடியிலும் போய்த் தாக்கும் குழு) இருக்கிறது. அதற்குப் பிறகு வந்தது மரைன் பிரிவு (கடலில் இருந்து கரையேறிச் சண்டை செய்யும் படை). 2016 நவம்பரில் அமெரிக்க மரைன் படையினர் திருகோணமலைக்கு வந்து பயிற்சி கொடுத்தார்கள். அடுத்த ஆண்டு அந்தப் பிரிவு முறையாகத் தொடங்கியது.

நேரே போய்ச் சேரலாமா?

பெரும்பாலும் முடியாது. முதலில் தாய்ப்படையில் சேரவேண்டும். கடற்படையில் மாலுமியாகி, அடிப்படைப் பயிற்சி முடித்து, பிறகு தானாக முன்வந்து கேட்டால்தான் விசேட படகுப் பிரிவின் தெரிவுப் பயிற்சிக்கு விடுவார்கள். இராணுவத்திலும் பொதுவாக இதே வழிதான். விசேட அதிரடிப்படைக்கு மட்டும் பொலிஸ் திணைக்களம் தனியாக விண்ணப்பம் கோருவது உண்டு. அங்கேயும் நீங்கள் முதலில் ஒரு பொலிஸ் உத்தியோகத்தர்தான்.

இது இலங்கையின் வழக்கம் மட்டும் இல்லை. இந்தியாவில் கறுப்புப் பூனை என்று சொல்லும் தேசியப் பாதுகாப்புப் படைக்கு நேரடி ஆள்சேர்ப்பே கிடையாது. இராணுவத்தில் இருந்தும் பொலிஸ் படைகளில் இருந்தும் சில ஆண்டுகளுக்கு அனுப்புவார்கள், முடிந்ததும் தாய்ப்படைக்குத் திரும்பவேண்டும். அமெரிக்காவின் பெரும்பாலான ஊர்களில் அதிரடிக் குழு என்பது சாதாரணப் பொலிஸ்காரர் தன் அன்றாட வேலையோடு சேர்த்துச் செய்யும் இன்னொரு வேலை. அதற்கும் முதலில் சில ஆண்டுகள் ரோந்தில் நின்றிருக்கவேண்டும்.

இதனால் உங்களுக்கு என்ன? தெரிவுப் பயிற்சிக்குப் போகிறவர்களில் பலர் இடையில் விழுந்துவிடுவார்கள். விழுந்தவர் வீட்டுக்கு வருவதில்லை, தாய்ப்படையின் சாதாரண வேலைக்குத் திரும்புகிறார். ஆகவே உங்களை நீங்களே கேட்கவேண்டிய கேள்வி வேறு. அதிரடிப் பிரிவு கிடைக்காவிட்டாலும் சாதாரண மாலுமியாக, சிப்பாயாக, கான்ஸ்டபிளாக இருபது ஆண்டு இருக்கச் சம்மதமா? இல்லை என்றால் விண்ணப்பிக்க வேண்டாம்.

எங்கே, எப்படி விண்ணப்பிப்பது?

அரச வர்த்தமானியிலும் தமிழ் நாளிதழ்களிலும் அந்தந்தப் படையின் இணையத்தளத்திலும் அறிவித்தல் வரும். வயது, உயரம், மார்பளவு, பாடச் சித்திகள் எல்லாம் பதவிக்குப் பதவி மாறும், ஆண்டுக்கு ஆண்டு திருத்தவும் படும். பக்கத்து வீட்டு அண்ணா போன தடவை கேட்ட தகுதியை நம்பாமல் இந்தத் தடவை வந்த அறிவித்தலை வாசியுங்கள். கான்ஸ்டபிளுக்குச் சாதாரண தரம் போதும், உப பொலிஸ் பரிசோதகருக்கு உயர்தரம் வேண்டும். பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, பரீட்சைப் பெறுபேறு, கிராம அலுவலரின் நற்சான்று ஆகியவற்றை முதலிலேயே எடுத்து வைத்திருங்கள். இடம்பெயர்வில் பத்திரங்கள் தொலைந்த வீடுகளில் பெயரும் பிறந்த திகதியும் ஒன்றுக்கொன்று ஒத்துவராத சிக்கல் அடிக்கடி வரும். அதைத் திருத்த மாதக் கணக்கு எடுக்கும். அறிவித்தல் வந்த பிறகு ஓடினால் காலம் போதாது.

யாராவது காசு கேட்டால் கொடுக்காதீர்கள். ஆள் பிடித்து உள்ளே விடுகிறேன் என்கிறவரிடம் பணம் கொடுப்பதும் குற்றம், வாங்குவதும் குற்றம். இலஞ்ச ஆணைக்குழுவின் இலக்கம் 1954.

குடும்பத்தில் ஒருவர் புலிகள் இயக்கத்தில் இருந்தவர் என்றால்?

எங்கள் பக்கத்தில் இந்தக் கேள்வி இல்லாத வீடு குறைவு. விண்ணப்பதாரி பற்றியும் குடும்பம் பற்றியும் பின்னணி விசாரணை நடக்கும். உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். புனர்வாழ்வு பெற்றவர் வீட்டில் இருந்தால் அதற்கான பத்திரத்தின் பிரதியை வைத்திருங்கள். மறைத்துச் சேர்ந்து, பிறகு தெரியவந்தால் வேலையும் போகும், பொய் சொன்னவர் என்ற பதிவும் மிஞ்சும். காரணம் சொல்லாமல் தள்ளிவிட்டார்கள் என்று தோன்றினால் 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எழுதிக் கேட்கலாம். தேசிய பாதுகாப்பு என்று சொல்லி மறுக்கவும் அந்தச் சட்டம் இடம் வைத்திருக்கிறது. மனித உரிமைகள் ஆணைக்குழுவிடமும் முறையிடலாம். அதற்குத் திருகோணமலையில் பிராந்திய அலுவலகம் இருக்கிறது.

சிங்களம் தெரியாமல் சமாளிக்கலாமா?

சமாளிப்பது மிகக் கடினம். தமிழ் அரசகரும மொழி என்பது சட்டத்தில் இருக்கிறது. மைதானத்தில் கட்டளை சிங்களத்தில் வரும். சாதாரணப் பொலிஸ் நிலையத்தில் ஒரு சொல் விளங்காவிட்டால் பக்கத்தில் நிற்பவரைக் கேட்கலாம். இருட்டில், கையில் சுடுகலனோடு, ஆறு பேர் வரிசையாக ஒரு வீட்டுக்குள் நுழையும்போது கேட்க முடியாது. அங்கே விளங்காமல் போகும் ஒரு சொல் ஒருவரின் உயிர். அதனால்தான் உடற்பயிற்சிக்கு முன் மொழிப் பயிற்சியைத் தொடங்கச் சொல்கிறேன். சேர்வதற்கு ஓராண்டு முன்பே பேச்சுச் சிங்களம் பழகியவருக்கு முதல் மூன்று மாதங்களின் பாதிப் பாரம் இறங்கிவிடும்.

இன்னொரு பக்கமும் உண்டு. வடக்கிலும் கிழக்கிலும் தமிழ் பேசத் தெரிந்த பொலிஸார் போதாமல் இருப்பது நெடுநாள் முறைப்பாடு. முறைப்பாட்டைத் தாய்மொழியில் எழுத ஆள் இல்லாமல் திரும்பிப் போனவர்களுக்கு அதன் அருமை தெரியும். தமிழும் சிங்களமும் தெரிந்த ஒருவருக்கு அதிரடிப்படைக்கு வெளியே, சாதாரணப் பொலிஸ் நிலையத்திலேயே மதிப்பு அதிகம் என்பது என் கணிப்பு. பெண் பிள்ளைகளுக்கு இது இன்னும் பொருந்தும். சிறுவர், பெண்கள் பிரிவில் தமிழ் பேசும் பெண் உத்தியோகத்தர் இருப்பது ஊருக்கே பெரிய உதவி.

கடலில் நீந்தத் தெரிந்தால் போதுமா?

நல்ல தொடக்கம், அவ்வளவுதான். கரையோரப் பிள்ளைக்குத் தண்ணீர்ப் பயம் இராது. ஆனால் உடுப்போடும் சுமையோடும், தூக்கமில்லாத மூன்றாம் நாள் இரவில் நீந்துவது வேறு வித்தை. முழங்கால், கண், காது இவற்றை முதலே வைத்தியரிடம் காட்டுங்கள். நிறக்குருடு (சில நிறங்களைப் பிரித்தறிய முடியாமை) பலருக்கு மருத்துவப் பரிசோதனை வரை தெரிவதே இல்லை. திருகோணமலையில் கடற்படைத் தளம் இருக்கிறது, பயிற்சி வீட்டுக்குக் கிட்ட நடக்கும் என்றும் நினைக்காதீர்கள். புதிய மாலுமிகளைத் தெற்கே பூஸா வரை அனுப்புவார்கள். அங்கிருந்து திரியாய்க்கு வந்து போகவே லீவில் ஒரு பங்கு கரைந்துவிடும்.

உண்மையில் என்ன வேலை?

காணொளியில் வருவது ஆண்டில் சில நாள். மிச்சம் பயிற்சி, காவல், காத்திருப்பு. விசேட அதிரடிப்படையினர் பிரமுகர் பாதுகாப்புக்கு மணிக்கணக்கில் நிற்பார்கள், போதைப்பொருள் தேடுதலுக்குப் போவார்கள், குண்டு செயலிழக்கச் செய்வார்கள். 2025 பெப்ரவரியில் கொழும்பு புதுக்கடை நீதிமன்றத்துக்குள் நடந்த கொலையின் சந்தேகநபரை அன்றே புத்தளம் பாலாவியில் மடக்கியவர்களும் அவர்கள்தான். கடற்படையின் சிறு படகுக் குழுக்களை வெள்ளம் வரும்போது கூரைகளில் இருந்து ஆட்களை இறக்க அனுப்புவார்கள். உடம்பு கெடுவது சண்டையில் மட்டும் அல்ல, பயிற்சியிலும்தான். வெடிச்சத்தத்தில் காது, சுமையில் முதுகு, குதிப்பதில் முழங்கால்.

சம்பளமும் பென்சனும்?

அரச ஊழியரின் ஆகக் குறைந்த அடிப்படைச் சம்பளத்தை 24,250 ரூபாவில் இருந்து 40,000 ரூபாவாகப் படிப்படியாக உயர்த்த 2025 வரவுசெலவுத் திட்டம் முடிவு செய்தது. அதன் மேல் படிகள் வரும். சாப்பாடும் தங்குமிடமும் உண்டு. இராணுவத்திலும் கடற்படையிலும் கீழ்நிலையில் சேர்பவர் பென்சன் எடுக்க 22 ஆண்டு சேவை வேண்டும். இருபது வயதில் சேர்ந்தால் நாற்பத்திரண்டில் பென்சனோடு வெளியே வருகிறீர்கள். அது நல்லதுதான். ஆனால் பிள்ளைகள் படிக்கும் வயதில் உங்களுக்கு இரண்டாவது தொழில் வேண்டும். சேவையில் இருக்கும்போதே சுழியோடல், இயந்திரம், கனரக வாகனம் என்று சான்றிதழ் கிடைக்கும் ஒன்றைப் படித்துவிடுங்கள். பொலிஸில் ஓய்வு வயது 60.

இராணுவம் சுருங்குகிறது என்பதையும் கவனியுங்கள். அதன் ஆளணியை 2030க்குள் ஒரு லட்சமாகக் குறைப்பதாக அரசு 2023 ஜனவரியில் அறிவித்தது.

பிடிக்காவிட்டால் விட்டு வரலாமா?

பொலிஸில் பதவி விலகல் கடிதம் என்று ஒரு வழி இருக்கிறது. இராணுவத்திலும் கடற்படையிலும் முதல் ஒப்பந்தமே பொதுவாக 12 ஆண்டு. லீவில் வந்து திரும்பிப் போகாமல் இருந்தால் தப்பியோடியவர் என்ற கணக்கு. வீட்டுக்கு ஆள் வரும், கைது செய்யலாம், வேறு அரச வேலையும் கிடைக்காது. இப்படி மாட்டிக்கொண்டவர்கள் ஆயிரக்கணக்கில் இருந்ததால்தான் 2024இல் பொது மன்னிப்புக் காலம் அறிவிக்கவேண்டி வந்தது.

வெளிநாட்டு ஆசை காட்டுகிறவர்களிடமும் கவனம். முன்னாள் படையினரைச் சமையல், காவல் வேலை என்று சொல்லி ரஷ்யாவுக்குக் கூட்டிப்போய்ப் போர்முனையில் விட்டது 2024இல் வெளிச்சத்துக்கு வந்தது. பலர் உயிரோடு திரும்பவில்லை.

ஊர் என்ன சொல்லும்?

இதை ஒதுக்கிவிட்டு எழுதினால் நேர்மையாக இராது. திரியாய் 1985இல் எரிந்து, சனம் இடம்பெயர்ந்த ஊர். திருகோணமலைக் கடற்கரையில் 2006 ஜனவரி 2ஆம் திகதி ஐந்து மாணவர் கொல்லப்பட்டார்கள். குற்றஞ்சாட்டப்பட்ட விசேட அதிரடிப்படையினரை 2019 ஜூலையில் நீதிமன்றம் போதிய சாட்சியம் இல்லை என்று விடுவித்தது. விசேட அதிரடிப்படைக்குத் தொடக்கத்தில் பயிற்சி கொடுத்த பிரித்தானியத் தனியார் கூலிப்படை நிறுவனமான கீனி மீனியின் ஆட்கள் மீது, போர்க்குற்றம் தொடர்பாக லண்டன் பொலிஸ் 2020இல் விசாரணை தொடங்கியது. ஆகவே அந்தச் சீருடையில் நீங்கள் வரும்போது பெரியம்மா கதவைச் சாத்தினால் அது உங்கள் மேல் உள்ள கோபம் அல்ல. சேர்வதற்கு முன் வீட்டில் பேசுங்கள், குறிப்பாக இழப்பைக் கண்டவர்களோடு. பேசாமல் போய்ச் சேர்ந்தால் அந்த வாக்குவாதம் உங்கள் முதல் லீவில் நடக்கும்.

எங்கள் ஆள் யாரும் அங்கே மேலே வந்ததில்லை என்றும் சொல்வார்கள். விசேட படையணியைத் தொடங்கியவர்களில் ஒருவர் பஸ்லி லாபிர் என்ற முஸ்லிம் அதிகாரி. 1996இல் முல்லைத்தீவில் இறந்தார், இராணுவத்தின் மிக உயர்ந்த விருதான பரம வீர விபூஷணம் அவருக்குக் கிடைத்தது. சிறுபான்மையினருக்கு வழி அடைபட்டதில்லை என்பதற்கு அவர் ஒரு சான்று. வழி அகலமானது என்பதற்குச் சான்று அல்ல.

மேலதிகாரி பிழையான கட்டளை தந்தால்?

பெற்றோர் கேட்கத் தயங்கும் கேள்வி இது. 1994ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கச் சித்திரவதைத் தடுப்புச் சட்டம் இலங்கையில் நடைமுறையில் இருக்கிறது. காவலில் உள்ளவரைச் சித்திரவதை செய்தால் ஏழு ஆண்டில் இருந்து பத்து ஆண்டு வரை சிறை. போர்க்காலம் என்பதோ, மேலதிகாரி சொன்னார் என்பதோ எதிர்வாதம் ஆகாது என்று அந்தச் சட்டமே சொல்கிறது. கட்டளை வாய்மொழியாக வரும், எழுத்தில் இராது. வழக்கு வரும்போது கூண்டில் நிற்பது கை வைத்தவர். ஐ.நா. அமைதிப் படைக்குப் போக ஆசைப்பட்டாலும் மனித உரிமைகள் ஆணைக்குழு உங்கள் பின்னணியைப் பார்த்த பிறகுதான் அனுப்புவார்கள். இருபது வயதில் செய்த ஒரு காரியம் முப்பத்தைந்தில் பாதையை மறிக்கும்.

இவ்வளவையும் வாசித்த பிறகும் ஆசை குறையவில்லை என்றால் நாளைக்கே செய்யக்கூடியவை மூன்று: பிறப்புச் சான்றிதழில் உள்ள பெயரை அடையாள அட்டையோடு ஒத்துப் பாருங்கள், கண்ணைச் சோதியுங்கள், சிங்களம் படிப்பிக்கும் ஒருவரைத் தேடுங்கள். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் நாளில் சேவைக்காலம் எத்தனை ஆண்டு என்ற வரியை உங்களுக்கு விளங்கும் மொழியில் வாசித்துக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். அது உங்கள் உரிமை.