மது அருந்தி வாகனம் ஓட்டுவோரைக் கைது செய்தல்

நெல் விற்ற பணத்துடனோ நெசவுக் கூலியுடனோ மன்னார்குடியிலிருந்து மோட்டார் சைக்கிளிலும் டிராக்டரிலும் ஊர் திரும்பும் அங்கத்தினர்கள் இவ்விதிகளை அறிந்திருத்தல் நலம். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி, ஓட்டுபவர் மது அருந்தியிருப்பதாக நியாயமான சந்தேகம் எழுந்தால், சீருடையணிந்த போலீஸார் அவரை மூச்சுச் சோதனைக்கு உட்படுத்தலாம். சோதனையில் மது புலப்பட்டாலும், அவர் சோதனைக்கு இணங்க மறுத்தாலும், வாரண்டு இன்றியே கைது செய்யலாம்.

100 மில்லி லிட்டர் இரத்தத்தில் 30 மில்லி கிராமுக்கு மேல் மது இருப்பின் குற்றமாகும். முதன்முறை 6 மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் விதிக்கப்படும்.

கைதானவருக்கும் உரிமை உண்டு. 2 மணி நேரத்திற்குள் மருத்துவர் அவரைப் பரிசோதித்தல் வேண்டும். தவறினால் காவலிலிருந்து விடுவித்தாக வேண்டும். கைதின் காரணத்தையும் அவருக்குத் தெரிவித்தல் வேண்டும். எனினும், உழைத்துப் பெற்ற பணம் அபராதமாகாமல் வீடு சேர்வதே மேல்.