துரை பங்களாவில் ஓர் இரவு: ஊவாவில் ஹோட்டல் தெரிவு செய்வோரின் கவனத்துக்கு

ஊவாவின் தேயிலைத் தோட்டங்களில் பிறந்து வளர்ந்த எவருக்கும் 'பெரியதுரை பங்களா' என்பது தொலைவிலிருந்து மட்டுமே பார்க்கக்கூடிய ஓர் இடமாக இருந்தது. குன்றின் உச்சியில் ரோஜாத் தோட்டமும் புல்வெளியும் சூழ நின்ற அந்த வீட்டுக்குச் செல்லும் பாதை, சமையல் செய்யும் அப்புவுக்கும் தோட்டக்காரனுக்கும் காவற்காரனுக்கும் மட்டுமே உரியதாயிருந்தது. இன்று அவ்வாறான பங்களாக்கள் சில உல்லாச விடுதிகளாக மாறியுள்ளன. பணம் செலுத்தக்கூடிய எவரும் அங்கு தங்கலாம். லயன் காம்பராவில் பிறந்து, ஆசிரியராகவோ வர்த்தகராகவோ உயர்ந்தவரும், நோர்வேயிலோ டென்மார்க்கிலோ குடியேறி விடுமுறைக்கு வருபவரும் அங்கு விருந்தாளியாக நுழைய முடிகிறது. இது வரவேற்கத்தக்க மாற்றமாகும். எனினும் அழகிய புகைப்படத்தை மட்டும் நம்பி அறையை ஒதுக்குவதற்கு முன்னர் சில விடயங்களைச் சீர்தூக்கிப் பார்ப்பது அவசியமாகும்.

இவ்விடுதிகளின் பின்னணியை முதலில் அறிந்துகொள்வது நல்லது. புகையிரதப் பாதை 1890 களில் ஹப்புத்தளையையும் பண்டாரவளையையும் அடைந்தபோது, தோட்டத் துரைமார் கூடுவதற்கான இடங்களும் தோன்றின. பண்டாரவளை ஹோட்டல் 1893 இல் அவர்களுடைய கழகமாகவே ஆரம்பமானது. பாதை பதுளை வரை நீண்டது 1924 இல். ஹப்புத்தளையில் சேர் தோமஸ் வில்லியர்ஸ் 1931 இல் கட்டிய அடிசம் மாளிகை இன்று கத்தோலிக்கத் துறவிகளின் மடமாக விளங்குகிறது. 1972 இலும் 1975 இலும் தோட்டங்கள் அரசுடைமையாக்கப்பட்டு, 1992 இல் மீண்டும் தனியார் கம்பனிகளின் முகாமைத்துவத்துக்குச் சென்றன. தேயிலையின் வருமானம் மட்டும் போதாதென்ற நிலையில் கம்பனிகள் பல சுற்றுலாத்துறையையும் நாடின. எல்லவிலோ கடந்த சில தசாப்தங்களில் புதிய விடுதிகள் பெருகிவிட்டன.

ஒரு ஹோட்டலின் அழகு எதில் தங்கியுள்ளது? டென்மார்க்கின் தலைநகரான கோபன்ஹேகனில் 1960 இல் திறக்கப்பட்ட ஒரு ஹோட்டலின் கட்டிடத்தை மட்டுமன்றி, நாற்காலிகள், விளக்குகள், கரண்டிகள் வரை ஆர்ன் யாக்கொப்சன் என்ற ஒரே கட்டிடக் கலைஞர் வடிவமைத்தார். அதன் 606 ஆம் இலக்க அறை இன்றும் ஆரம்பகாலத் தோற்றத்துடன் பேணப்படுகிறது. விலையுயர்ந்த பொருட்களைக் குவிப்பதனால் அழகு வந்துவிடாது; ஒவ்வொன்றும் தன் இடத்துக்குப் பொருந்தும்போதே அது பிறக்கிறது என்பதை அந்த ஹோட்டல் உணர்த்துகிறது. ஊவாவுக்கும் இவ்வளவுகோல் பொருந்தும். கருங்கற் சுவர், அகன்ற விறாந்தை, குளிர்காயும் கணப்பு என்பன இம்மலைக்கு உரியவை. செங்குத்தான சரிவை வெட்டி எழுப்பிய கண்ணாடி மாடிக்கட்டிடம் எத்துணை பகட்டாயினும் இம்மலைக்கு அந்நியமானதே.

அழகை விட முக்கியமானது பாதுகாப்பு. 2014 ஒக்டோபர் 29 ஆம் திகதி கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயன் குடியிருப்புகளை மூடியதை எவரும் மறந்திருக்க முடியாது. 2025 நவம்பர் இறுதியில் வீசிய 'டித்வா' புயலின்போது பதுளை மாவட்டத்தில் மண்சரிவுகள் பல உயிர்களைக் காவுகொண்டன. மலையகப் புகையிரதப் பாதையும் கடும் சேதமடைந்தது. எனவே புகையிரதத்தில் செல்ல விரும்புவோர், எப்பகுதி வரை சேவை நடைபெறுகிறது என்பதைத் திணைக்களத்திடம் விசாரித்த பின்னரே அறையை ஒதுக்க வேண்டும். மண்சரிவு அபாயமுள்ள பகுதிகளில் கட்டிடம் அமைப்பதற்குத் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் அனுமதி தேவை. அது கிடைத்துள்ளதா என விடுதியாரிடம் கேட்பதில் தவறில்லை. சுவரிலும் தரையிலும் புதிய வெடிப்புகள், சாய்ந்த மரங்கள், திடீரெனக் கலங்கி ஓடும் ஊற்றுகள் ஆகியன அபாயத்தின் அறிகுறிகளாகும். அந்நிறுவனம் மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என மூன்று நிலைகளில் எச்சரிக்கை விடுக்கிறது. சிவப்பு என்பது வெளியேற வேண்டிய வேளையாகும்.

பருவகாலத்தையும் கருத்திற்கொள்ள வேண்டும். ஊவாவில் ஒக்டோபர் முதல் டிசம்பர் வரை மழை மிகுதி. ஜூலை முதல் செப்டெம்பர் வரை வீசும் வரண்ட காற்றே ஊவாத் தேயிலைக்கு உலகப் புகழ்பெற்ற வாசனையைத் தருகிறது. பயணத்துக்கும் அக்காலமே உகந்தது. பதுளை நகரம் கடல் மட்டத்திலிருந்து அண்ணளவாக 680 மீற்றர் உயரத்திலும் எல்ல 1,040 மீற்றர் உயரத்திலும் ஹப்புத்தளை 1,430 மீற்றர் உயரத்திலும் அமைந்துள்ளன. ஆதலால் முதியோரையும் குழந்தைகளையும் அழைத்துச் செல்வோர் சுடுநீர் வசதி பற்றியும் போதிய கம்பளிகள் பற்றியும் முன்கூட்டியே கேட்டறிய வேண்டும்.

இனி கட்டணம். இலங்கைச் சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபையில் விடுதி பதிவு செய்யப்பட்டுள்ளதா என்பதை முதலில் பார்க்க வேண்டும். கூறப்படும் தொகையில் வரிகளும், வழமையாக அறவிடப்படும் 10 வீத சேவைக் கட்டணமும் அடங்கியுள்ளனவா என்பதை எழுத்தில் பெறுவது பின்னர் எழும் மனக்கசப்பைத் தவிர்க்கும். முஸ்லிம் குடும்பங்கள் இறைச்சி எங்கிருந்து பெறப்படுகிறது, ஒரே சமையற்கூடத்தில் பன்றியிறைச்சியும் மதுவும் பயன்படுத்தப்படுகின்றனவா, தொழுகைக்கு ஒதுக்கிடம் உண்டா ஆகியவற்றைத் தெளிவாகக் கேட்டுக்கொள்ளலாம். பதுளை, பண்டாரவளை, வெலிமடை, குருத்தலாவ ஆகிய இடங்களில் முஸ்லிம்கள் நீண்டகாலமாக வாழ்கின்றனர். எனவே பள்ளிவாசலோ ஹலால் உணவோ தொலைவில் இல்லை. மரக்கறி உணவு மட்டும் உண்ணும் இந்துக் குடும்பங்களும் இவ்வாறே வினவலாம்.

இறுதியாக, பெரும்பாலானோர் கேட்காது விடும் கேள்வி ஒன்று உண்டு. இவ்விடுதியில் பணிபுரிவோர் யார்? 2024 இல் தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 1,350 ரூபாவாக உயர்ந்தது. அதனை 1,750 ரூபாவாக்கும் யோசனை 2026 ஆம் ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டத்தில் முன்வைக்கப்பட்டது. ஆடம்பர விடுதிகள் சிலவற்றில் ஓர் இரவுக்கான வாடகை, கொழுந்து பறிக்கும் ஒரு பெண்ணின் மாதச் சம்பளத்தையே விஞ்சுகிறது. யன்னலினூடாகத் தெரியும் பசுமை அவளுடைய உழைப்பின் விளைவு. அவள் குடும்பம் வாழும் பத்துக்குப் பன்னிரண்டு அடி அறையும் அநேகமாக அதே யன்னலிலிருந்து தெரியக்கூடியதே. அவளது பிள்ளைகளுக்கு அவ்விடுதியில் வேலை கிடைக்கிறதா? கிடைத்தால் துப்புரவுப் பணி மட்டுந்தானா, வரவேற்பு மேசையிலும் முகாமைத்துவத்திலும் இடமுண்டா? தொழில் வழங்குநர் செலுத்த வேண்டிய 12 வீத ஊழியர் சேமலாப நிதிப் பங்களிப்பு ஒழுங்காகச் செலுத்தப்படுகிறதா? சேவைக் கட்டணம் ஊழியரின் கைக்குச் சேர்கிறதா?

விருந்தாளிகள் கேட்காத வரையில் விடுதியார் இவற்றைப் பற்றிச் சிந்திக்கப் போவதில்லை. சுடுநீரும் இணைய வசதியும் எல்லா விடுதிகளுக்கும் வந்தமைக்குக் காரணம் விருந்தாளிகள் அவற்றை விடாது கேட்டமையே. ஊழியரின் நலனைப் பற்றியும் அவ்வாறே கேட்கத் தொடங்கினால், அதற்குரிய பதிலும் காலப்போக்கில் வந்தே தீரும். பங்களாவுக்குச் செல்லும் பாதை இன்று எமக்குத் திறந்துள்ளது. நாம் செலுத்தும் பணத்தில் ஒரு பகுதி அதே பாதையால் லயன்களுக்கு இறங்கி வருவதையும் உறுதி செய்தால், அந்தப் பயணம் பொருள் உள்ளதாக அமையும்.